கர்ப்பகாலக் குறட்டையும் ஸ்லீப் ஆப்னியாவும்: யாரைச் சோதிக்க வேண்டும், எப்படி?

கர்ப்பிணி குறட்டை விட்டால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடம்பு கனத்துவிட்டது, அசதி, அதனால் குறட்டை வருகிறது என்று விட்டுவிடுவார்கள். பல பேருக்கு அது உண்மையும்கூட. ஆனால் சிலருக்கு அந்தக் குறட்டைக்குப் பின்னால் ஸ்லீப் ஆப்னியா இருக்கும். அதாவது, தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்பத் தடைபடுகிற கோளாறு. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், சிறுநீரும் ரத்தமும் சோதிப்பார்கள். "ராத்திரி குறட்டை விடுகிறீர்களா?" என்ற கேள்வி மட்டும் பல இடங்களில் கேட்கப்படுவதே இல்லை. கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. அதனால்தான் இது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

முதலில் தூக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும், மேலண்ணத்தின் பின்பக்க மென்சதையும், தொண்டைச் சுவரும் அப்படித்தான். பெரும்பாலோருக்கு இதனால் தொந்தரவில்லை. தொண்டை ஏற்கெனவே குறுகலாக இருப்பவர்களுக்கு, தளர்ந்த சதை உள்ளே சரிந்து காற்றுப் பாதையை அடைக்கிறது. பாதி அடைத்தால் சதை அதிர்ந்து குறட்டை வரும். முழுதாக அடைத்தால் சத்தம் சட்டென்று நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா, குறட்டை நின்றது" என்று நினைப்பார். ஆனால் கவனிக்க வேண்டிய நேரமே அதுதான். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டிருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை ஆபத்தை உணர்ந்து ஒரு நொடி விழிப்பைத் தூண்டும். தொண்டைத் தசைகள் விறைத்துத் திறக்கும். ஒரு பெரிய விக்கலோ செருமலோ போட்டு மூச்சு திரும்ப வரும். தூங்குபவருக்குக் காலையில் இது எதுவும் நினைவிருக்காது. ஆனால் இரவு முழுக்க இதுவே நடந்துகொண்டிருக்கும்.

குறைந்தது 10 வினாடி காற்று நின்றால்தான் மருத்துவக் கணக்கில் அது ஓர் 'ஆப்னியா'. முழுதாக நிற்காமல் காற்று வெகுவாகக் குறைந்து, அதோடு ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை இப்படி நடக்கிறது என்பதே அளவுகோல். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது.

கர்ப்பம் இதில் எங்கே வருகிறது?

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. சளி பிடிக்காமலே மூக்கடைப்பு வருவது இதனால்தான். தொண்டைச் சவ்விலும் நீர் கோத்து வழி இன்னும் குறுகும். எடையும் ஏறுகிறது. இன்னொரு பக்கம், கர்ப்பப்பை வளர வளர உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. இதனால் மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சி நிற்கும் காற்று சுமார் 20 சதவீதம் குறைகிறது. மூச்சு நின்றுபோகும் அந்தச் சில வினாடிகளில் உடம்பு நம்பியிருக்கும் கையிருப்பு இந்தக் காற்றுதான். கையிருப்பு குறைந்த அதே சமயத்தில் ஆக்சிஜன் செலவு கூடியிருக்கிறது, தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து. எனவே அதே 10 வினாடித் தடைக்குக் கர்ப்பிணியின் ஆக்சிஜன் அளவு மற்றவர்களைவிட வேகமாக இறங்கிவிடும்.

இயற்கை கைகொடுக்கும் இடங்களும் உண்டு. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சைத் தூண்டிவிடும். வயிறு பெரிதான பிறகு பல பெண்கள் தாமாகவே ஒருக்களித்துப் படுக்கிறார்கள், அதுவும் தொண்டைக்கு நல்லது. இந்த இரண்டு பக்கமும் எப்படி ஈடுகட்டிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே ஒருவருக்கு ஆப்னியா வருவதும் வராமல் போவதும். அதனால் ஒல்லியாக இருப்பவருக்கு வரவே வராது, பருமனாக இருப்பவருக்குக் கட்டாயம் வரும் என்று சொல்லிவிட முடியாது.

எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்காவில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 3,000க்கும் மேற்பட்ட பெண்களிடம், வீட்டிலேயே இரவில் கருவி பொருத்தி ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017இல் வெளிவந்தன. கர்ப்பத்தின் தொடக்கத்தில் 3.6 சதவீதம் பேருக்கும், நடுப்பகுதியில் 8.3 சதவீதம் பேருக்கும் தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தது. இரண்டாவது எண் முதல் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் இல்லாதது பிறகு வரலாம் என்பதே அதன் பொருள். ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான்.

அதே ஆய்வில், மூச்சுத் தடை இருந்த பெண்களுக்கு முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கர்ப்பகால சர்க்கரை நோயின் வாய்ப்பு அதைவிடவும் கூடுதல். வயது, எடை, ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் தொடர்பு மறையவில்லை. முன்சூல்வலிப்பு என்பது கர்ப்பத்தின் பின்பாதியில் பிரஷர் ஏறி, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் நிலை. தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தானது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆக்சிஜன் இறங்கி, மூளை விழித்து, இதயம் படபடவென்று அடித்து, பிரஷர் ஒரு கணம் எகிறுகிறது. இது ஓர் இரவில் நூறு தடவை நடந்தால் ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதுபடுகிறது, இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாகிறது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்னியாவும் முன்சூல்வலிப்பும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது தெளிவு. ஆப்னியாவைச் சரிசெய்துவிட்டால் முன்சூல்வலிப்பு வராது என்று உறுதி சொல்லும் அளவுக்கு இன்னும் சான்று சேரவில்லை.

சலிப்பது வேறு, கண்டறிவது வேறு

ஸ்கிரீனிங் என்பது சல்லடை மாதிரி. எல்லாரையும் ஸ்லீப் லேபில் படுக்க வைத்துப் பரிசோதிக்க முடியாது. யாரை அனுப்புவது, யாரை அனுப்ப வேண்டியதில்லை என்று சில எளிய கேள்விகளால் பிரிப்பதுதான் ஸ்கிரீனிங். அதில் 'ஆம்' என்று வந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். 'இல்லை' என்று வந்தாலும் நூறு சதவீதம் நிம்மதி என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாடு தெரியாததால் சிலர் வீணாகப் பயந்துபோகிறார்கள், சிலர் வீணாக அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

பொதுவாக ஆப்னியாவைச் சலிக்கப் புகழ்பெற்ற கேள்வித்தாள்கள் உண்டு. கர்ப்பிணிகளிடம் அவை ஏன் தடுமாறுகின்றன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது.

'ஸ்டாப்-பேங்' என்ற கேள்வித்தாளை டொராண்டோவில் மயக்கவியல் நிபுணர் ஃபிரான்சிஸ் சங் குழுவினர் 2008இல் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு வருபவர்களிடம் கேட்பதற்காக உருவானது. மொத்தம் எட்டுக் கேள்விகள். குறட்டை உண்டா, பகலில் களைப்பா, தூங்கும்போது மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் உண்டா, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு அதிகமா, ஆணா? கடைசி நான்கில் இரண்டைப் பாருங்கள். கர்ப்பிணி ஆணாக இருக்கப்போவதில்லை, வயது 50ஐத் தாண்டியிருப்பதும் மிக அரிது. ஆக எட்டில் இரண்டு மதிப்பெண் தொடங்கும்போதே போய்விடுகிறது. 'களைப்பா' என்ற கேள்விக்கோ ஏறக்குறைய எல்லாக் கர்ப்பிணிகளும் 'ஆம்' என்பார்கள். ஒரு பக்கம் மதிப்பெண் கிடைக்கவே வழியில்லை, இன்னொரு பக்கம் எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது. பிறகு அது எப்படிப் பிரித்துக் காட்டும்?

'எப்வர்த்' அளவுகோலுக்கும் இதே கதிதான். மெல்போர்னில் மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியம் சற்றுப் படுக்கும்போது என எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். 10ஐத் தாண்டினால் தூக்கக் கலக்கம் அதிகம். முதல் மூன்று மாதங்களில் இருக்கும் பெண்ணிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்! புரோஜெஸ்டிரோனால் எந்நேரமும் கண் சொருகும். கடைசி மாதங்களில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுந்து, புரண்டு படுக்க முடியாமல், குழந்தையின் உதையில் விழித்து, பகலில் தூங்கி வழிவார். மதிப்பெண் ஏறும், ஆனால் ஆப்னியாவால் அல்ல. ரத்தசோகை, தைராய்டு குறைவு, இரவில் காலைக் குடைந்து தூங்கவிடாத கோளாறு என்று களைப்புக்குக் கர்ப்பத்தில் ஆயிரம் காரணம் உண்டு. களைப்பை மட்டும் வைத்து ஆப்னியா என்று முடிவெடுப்பதும் தவறு, களைப்பு கர்ப்பத்தில் சகஜம் என்று ஒதுக்குவதும் தவறு.

1990களில் உருவான 'பெர்லின்' கேள்வித்தாளும் கர்ப்பிணிகளிடம் நம்பும்படி வேலை செய்யவில்லை. எடையும் பிரஷரும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. கர்ப்பத்தில் அந்த இரண்டும் மாறிக்கொண்டே இருப்பவை.

சரி, அப்படியானால் எதைக் கேட்பது? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் பிரான்செஸ்கா ஃபாக்கோவும் குழுவும் ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளைச் சோதித்துப் பார்த்து 2012இல் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் களைப்பைப் பற்றி இதில் பேச்சே இல்லை. நான்கே விஷயங்கள். வயதை எழுதுங்கள். பிஎம்ஐயைக் கூட்டுங்கள். வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ குறட்டை என்றால் 15 கூட்டுங்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ரத்தக் கொதிப்பு இருந்தால் இன்னொரு 15. மொத்தம் 75ஐத் தொட்டால் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

போட்டுப் பார்ப்போம். 34 வயதுப் பெண். எடை 80 கிலோ, உயரம் 158 செ.மீ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 32. வாரத்தில் பாதி நாள் குறட்டை. பழைய பிரஷர் எதுவும் இல்லை. 34, 32, 15 சேர்த்து 81. அனுப்ப வேண்டியவர். குறட்டை இல்லாமல் இருந்திருந்தால் 66தான், அனுப்பத் தேவையில்லை. ஒரே ஒரு பதில் முடிவைத் தலைகீழாக்குகிறது. இன்னொருவர் 24 வயது, பிஎம்ஐ 38, முன்பே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், குறட்டை இல்லை. 77 வருகிறது. இவரையும் அனுப்ப வேண்டும். மூன்றாமவர் 26 வயது, பிஎம்ஐ 27, குறட்டை உண்டு. 68 மட்டுமே. ஆனால் இவர் தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழிப்பதைக் கணவர் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு நேரே பரிசோதனைக்குப் போக வேண்டும். கண்ணால் கண்ட சாட்சி எந்தக் கூட்டல் கணக்கையும்விடப் பெரிது.

குறட்டையைப் பற்றிக் கேட்கும்போது இரண்டு விவரம் முக்கியம். வாரத்தில் எத்தனை நாள் என்பது ஒன்று. கர்ப்பத்துக்கு முன்பே இருந்ததா, இப்போது புதிதாக வந்ததா என்பது இரண்டாவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1,700 கர்ப்பிணிகளிடம் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் குறட்டை விட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு அது கர்ப்பத்தில் தொடங்கியதுதான். அப்படிப் புதிதாகத் தொடங்கிய குறட்டைக்கும் ரத்தக் கொதிப்பு, முன்சூல்வலிப்பு ஆகியவற்றுக்கும் தொடர்பு இருந்தது. 'எப்போதும் இருப்பதுதானே' என்று பழகிப்போனதைவிட, 'முன்பு இல்லையே' என்பது டாக்டரின் காதில் விழ வேண்டிய செய்தி.

இதில் ஒரு தர்மசங்கடமும் இருக்கிறது. குறட்டை விடுகிறேன் என்று சொல்லப் பல பெண்கள் கூச்சப்படுகிறார்கள். தனியாகப் படுப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே முடிந்தால் கூடத் தூங்குபவரிடம் கேளுங்கள். அம்மாவோ அக்காவோ ஒரு வாரம் பக்கத்தில் படுத்துக் கவனித்தாலும் போதும். குறட்டை நடுவே நிசப்தம், பிறகு ஒரு திணறல் என்று இருந்தால் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து டாக்டரிடம் காட்டலாம். காலையில் எழும்போதே தலைவலி, நெஞ்சு படபடத்து விழிப்பது, வாய் உலர்ந்துபோவது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எப்போது கேட்க வேண்டும்? முதல் செக்கப்பில் ஒரு முறை, ஐந்தாறு மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்யும் சமயத்தில் இன்னொரு முறை. கடைசி மாதம் வரை காத்திருந்தால் கண்டுபிடித்தும் செய்வதற்கு நேரமிருக்காது. பிஎம்ஐ 30க்கு மேல், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முந்தைய கர்ப்பத்தில் முன்சூல்வலிப்பு என்று ஏதாவது இருந்தால் கேட்காமல் விடவே கூடாது. மயக்கவியல், மகப்பேறு, தூக்க மருத்துவ வல்லுநர்கள் சேர்ந்து 2023இல் தந்த பரிந்துரையும் இதே திசையில்தான் இருக்கிறது: ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களைக் கர்ப்பத்தின் முற்பாதியிலேயே சலிக்க வேண்டும், பொதுக் கேள்வித்தாள்களை நம்பக் கூடாது.

பரிசோதனை என்றால் என்ன?

பயப்பட ஒன்றுமில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஸ்லீப் லேபில் என்றால் தலையில், கன்னத்தில், காலில் சிறு ஒட்டுக் கம்பிகள் பொருத்தி ஓர் இரவு தூங்கச் சொல்வார்கள். வீட்டில் செய்வது என்றால் மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். பட்டையை வயிற்றின் மேல் இறுக்காமல் கட்ட வேண்டும், அவ்வளவே. காலையில் கருவியைத் திருப்பிக் கொடுத்தால் பதிவைப் படித்துச் சொல்வார்கள்.

கர்ப்பிணிகளுக்கு வீட்டுச் சோதனை சௌகரியமானது, ஆனால் குறைத்துக் காட்டக் கூடியது. அது மூளை அலைகளைப் பதிவு செய்வதில்லை, அதனால் ஆக்சிஜன் இறங்காமல் தூக்கம் மட்டும் கலையும் தடைகள் அதன் கண்ணில் படாது. நீங்கள் விழித்துப் படுத்திருந்த நேரத்தையும் தூக்கமாகவே எடுத்துக்கொண்டு வகுக்கும், அதனால் சராசரி குறையும். ஆகவே அறிகுறி பலமாக இருந்து வீட்டுச் சோதனை 'ஒன்றுமில்லை' என்றால், லேப் சோதனை தேவையா என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆப்னியா உறுதியானால் முதன்மைச் சிகிச்சை சிபேப் என்ற கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பித் தொண்டை சரியாமல் பிடித்து நிறுத்துகிறது. மருந்து எதுவும் இல்லாததால் கர்ப்பத்தில் தயங்கத் தேவையில்லை. மாதம் ஏற ஏறத் தேவைப்படும் அழுத்தமும் கூடலாம், அதனால் தானே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும் கருவியைப் பெரும்பாலும் கொடுப்பார்கள். முதல் சில இரவுகள் முகமூடி உறுத்தும். அளவு மாற்றிக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். லேசான ஆப்னியாவுக்கு ஒருக்களித்துப் படுப்பதும், தலைமாட்டைச் சற்று உயர்த்துவதும், மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளிகளும் உதவும். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கப் போவது வேறு காரணங்களுக்காகவும் நல்லதல்ல, ஆக ஒருக்களித்துப் படுப்பதில் இரட்டை லாபம். தூக்க மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். தளர்ந்த தொண்டையை அது இன்னும் தளர்த்தலாம்.

பிரசவத்துக்குப் போகும்போது மயக்க மருத்துவரிடம் ஆப்னியா இருக்கிறது என்று சொல்வது மிக அவசியம். சந்தேகம் மட்டும் இருந்து பரிசோதனை நடக்காமல் போயிருந்தாலும் சொல்லுங்கள். சிசேரியன் என்றால் முழு மயக்கத்தைத் தவிர்த்து முதுகில் ஊசி போடுவதையே அவர் பெரும்பாலும் விரும்புவார். பிறகு வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சை மந்தமாக்கும் என்பதால், அளவைக் குறைத்து, ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து பார்க்கச் சொல்வார். வீட்டில் சிபேப் பயன்படுத்துகிறவர்கள் அதை ஆஸ்பத்திரிப் பையில் எடுத்து வையுங்கள். பிரசவத்துக்கு அடுத்த இரவுக்கும் அது வேண்டும்.

குழந்தை பிறந்து, வீக்கம் வடிந்து, எடை இறங்கியதும் பலருக்கு ஆப்னியா குறைகிறது, சிலருக்கு முழுக்க மறைகிறது. சிலருக்குத் தங்கிவிடுகிறது. கைக்குழந்தையோடு தூக்கம் கெடும் அந்த மாதங்களில் எது குழந்தையால், எது ஆப்னியாவால் என்று தானாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே கருவியை நீங்களாக மூட்டை கட்டி வைக்காமல், சில மாதம் கழித்து மறுபடி ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பம் என்று வந்தால், முதல் செக்கப்பிலேயே, டாக்டர் கேட்காவிட்டாலும், போன தடவை ஆப்னியா இருந்தது என்பதை நீங்களே சொல்லி எழுதச் சொல்லுங்கள்.